கல்வராயன் மலை வகுப்பறையும் மாணவ ஆசிரியரின் தொழில்நுட்பப் பயிற்சியும்

பி.எட். அல்லது ஆசிரியர் பட்டயப் படிப்பில் சேர்ந்து, வகுப்பெடுக்கப் பழகிக்கொண்டிருப்பவரை மாணவ ஆசிரியர் என்பது தமிழ்நாட்டுக் கல்வித் துறை வழக்கு. வானொலி முதல் கைப்பேசி வரை பள்ளிக்குள் வந்த ஒவ்வொரு கருவியையும் கையாள இவருக்கு எப்போது, எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள். தமிழ்நாடு முழுவதற்குமான வரலாறுதான் இது. ஆனால் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலிருந்தும் அதன் மேற்கே நிற்கும் கல்வராயன் மலையிலிருந்தும் பார்த்து எழுதப்பட்டது. நகரத்துப் பள்ளியில் மின்சாரமும் இணையமும் தடையின்றிக் கிடைப்பதால் ஆசிரியரின் பயிற்சியில் உள்ள ஓட்டை வெளியே தெரிவதில்லை. மலைப் பள்ளியில் முதல் நாளே தெரிந்துவிடும்.

மலையும் மாவட்டமும்

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு பிரிவாகச் சொல்வார்கள். ஒரு பக்கம் சேலம் மாவட்டத்துக் கருமந்துறைப் பகுதி, மறுபக்கம் கள்ளக்குறிச்சி மாவட்டத்து வெள்ளிமலை, கரியாலூர். இங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என்று எண்ண வேண்டாம். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர், பேச்சு தமிழ்தான். சாமை, மரவள்ளி, கடுக்காய், புளி ஆகியவை இவர்களுடைய பிழைப்பு. மலையில் வேலை இல்லாத மாதங்களில் வெளியூர்த் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகும் குடும்பங்களும் உண்டு. அப்படிப் போகும்போது பிள்ளைகளும் பள்ளியை விட்டுப் போய்விடுவார்கள்.

நாடு விடுதலை பெற்ற பிறகும் இந்த மலை மூன்று ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல்தான் ஜாகீர் முறை ஒழிக்கப்பட்டு மலை நேரடி அரசு நிர்வாகத்துக்குள் வந்தது. சமவெளியில் மூன்று தலைமுறை பள்ளிக்கூடம் கண்டிருந்த நிலையில் மலையில் முதல் தலைமுறை அப்போதுதான் பலகை பிடித்தது. ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத் துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகளே இங்கு கல்வியின் முதுகெலும்பு. வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே மைல் கணக்கில் ஒற்றையடிப் பாதை இருக்கும் இடத்தில் விடுதியோடு கூடிய பள்ளி இல்லாமல் படிப்பு நடக்காது.

நிர்வாக வரைபடமும் பலமுறை மாறியது. முதலில் தென்னார்க்காடு மாவட்டம். 1993இல் விழுப்புரம் மாவட்டம். 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம், தமிழ்நாட்டின் முப்பத்து நான்காவது. மாவட்டத் தலைநகர் அருகே வந்ததே தவிர, கச்சிராயப்பாளையத்தைத் தாண்டி ஏறும் மலைப்பாதை அதே பாதைதான். 2024இல் கள்ளக்குறிச்சி கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்து, சாலை உள்ளிட்ட அடிப்படை வசதிகள் பற்றி அரசிடம் கேள்வி கேட்டது. தொழில்நுட்பம் பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்று தோன்றலாம். சாலை இல்லாத ஊருக்கு ஒளிப்படக்காட்டி பழுது பார்க்க யாரும் வரமாட்டார்கள் என்பதால்தான்.

துணைக்கருவி என்ற தேர்வுப் பாடம்

சென்னையில் அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி 1856இல் தொடங்கியது. பிறகு சைதாப்பேட்டைக்கு மாறி ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்த நிறுவனம் அதுவே. அங்கிருந்து பரவிய பயிற்சி முறையில் கரும்பலகை, நிலப்படம், மாதிரி உரு, விளக்கப்படம் ஆகியவை துணைக்கருவிகள். இவற்றைச் செய்வதும் பயிற்சி, வகுப்பில் காட்டுவதும் பயிற்சி. சுருட்டிக் கொண்டுபோகும் ரோலர் போர்டு, அட்டையில் வரைந்த சார்ட், வண்ணச் சாக்குக்கட்டி ஆகியவற்றோடு பேருந்தில் போகும் மாணவ ஆசிரியரை அடையாளம் காணத் தமிழ்நாட்டில் யாருக்கும் சிரமம் இருந்ததில்லை. இந்தப் பயிற்சி நன்றாகவே வேலை செய்தது. கற்றுக்கொண்ட பொருளும் வகுப்பில் இருந்த பொருளும் ஒன்றாக இருந்தன என்பதே அதற்குக் காரணம். பயிற்சிக் கல்லூரியில் கரும்பலகை, பள்ளியிலும் கரும்பலகை.

மின்சாரத்தோடு வந்த கருவிகளில்தான் இந்தப் பொருத்தம் குலைந்தது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் தொடங்கின. பள்ளி ஒலிபரப்பு என்ற நிகழ்ச்சி வானொலியில் நெடுங்காலம் வந்தது. பயிற்சிக் கல்லூரிப் பாடநூல் அதற்கு மூன்று கட்டங்கள் சொன்னது: ஒலிபரப்புக்கு முன் ஆயத்தம், கேட்கும் நேரம், கேட்ட பின் கலந்துரையாடல். மாணவ ஆசிரியர்கள் இதை நெட்டுருப் போட்டுத் தேர்வில் எழுதினார்கள். வானொலிப் பெட்டி தலைமையாசிரியர் அறையில் இருக்கும். ஒலிபரப்பு வரும் நேரத்துக்கும் கால அட்டவணைக்கும் ஒத்துவராது. வகுப்பில் ஒருமுறைகூட வானொலியை இயக்கிப் பாடம் நடத்தாமலேயே ஒருவர் 'வானொலிவழிக் கற்பித்தலின் நன்மைகள்' என்ற கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கலாம். பலர் வாங்கினார்கள்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய குறை அல்ல. திரைப்படம் பாடநூலின் இடத்தைப் பிடித்துவிடும் என்று நூறாண்டுக்கு முன்பே தாமஸ் எடிசன் அறிவித்தார். அமெரிக்கக் கல்வி வரலாற்றாசிரியர் லாரி கியூபன் 1986இல் ஆசிரியர்களும் இயந்திரங்களும் என்ற பொருளில் எழுதிய நூலில் திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி என்று வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றும் பெரும் எதிர்பார்ப்போடு பள்ளிக்குள் வந்து ஓரத்தில் ஒதுங்கிய கதையைச் சொல்கிறார். கருவியைத் தேர்ந்தெடுத்தவர்கள் வேறு, வகுப்பில் நின்றவர்கள் வேறு என்பது அவர் காட்டும் காரணங்களில் ஒன்று.

தொலைக்காட்சி வந்தபோது இந்தியாவில் ஒரு நல்ல முயற்சி நடந்தது. செயற்கைக்கோள்வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை ஆறு மாநிலக் கிராமங்களில் நடந்தது. பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகளோடு, தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பிக்கும் பயிற்சியும் அதில் உண்டு. சுமார் 50,000 ஆசிரியர்கள் பயன்பெற்றார்கள். ஆசிரியருக்கான பயிற்சி கருவியோடு சேர்ந்தே வந்த அரிய நிகழ்ச்சி அது. ஆந்திரமும் கர்நாடகமும் அந்த ஆறில் இருந்தன, தமிழ்நாடு இல்லை. அதே ஓராண்டில்தான் கல்வராயன் மலை ஜாகீரிலிருந்து விடுபட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வானத்தில் செயற்கைக்கோளும் மலையில் ஜாகீரும் ஒரே நாட்டில் ஒரே நேரத்தில் இருந்தன என்பது விளங்கும்.

கேமரா இல்லாமல் வந்த நுண்ணிலைக் கற்பித்தல்

இந்த வரலாற்றில் நான் மிக முக்கியமாகக் கருதுவது நுண்ணிலைக் கற்பித்தல். பி.எட். படித்தவர் அனைவரும் கடந்து வந்தது. ஆனால் அது ஒரு தொழில்நுட்பமாகப் பிறந்தது என்பதை அவர்களில் பலர் அறிய மாட்டார்கள்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1963இல் டுவைட் ஆலனும் அவருடைய குழுவினரும் இதை உருவாக்கினார்கள். முழு வகுப்பு, முழுப் பாடம், முழு நேரம் என்று மாணவ ஆசிரியரைத் தள்ளிவிடாமல், நான்கைந்து பிள்ளைகளுக்கு ஐந்து பத்து நிமிடம் ஒரே ஒரு திறனை மட்டும் பழகச் செய்வது முறை. வினாத் தொடுத்தல் என்றால் அதை மட்டும். வலுவூட்டல் என்றால் அதை மட்டும். பாடம் முடிந்ததும் பதிவு செய்த ஒளிநாடாவை ஓட்டி, அவர் தம்மைத் தாமே பார்ப்பார். பிறகு திருத்தி, மீண்டும் கற்பிப்பார். அன்று புதிதாக வந்திருந்த ஒளிநாடாப் பதிவுக் கருவிதான் இதன் உயிர். தன் குரல் எங்கே தேய்கிறது, எந்த மூலையில் இருக்கும் பிள்ளையை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை, கேள்வி கேட்டுவிட்டு எத்தனை நொடியில் தானே பதில் சொல்லிவிடுகிறோம் என்பதெல்லாம் அடுத்தவர் சொன்னால் மனம் ஏற்காது. படம் காட்டினால் மறுக்க முடியாது.

இந்தியாவில் அலகாபாத்தில் 1967இல் டி.டி. திவாரி இதைத் தொடங்கிவைத்தார். எழுபதுகளில் பரோடாவிலும் இந்தூரிலும் பி.கே. பாசி முதலியோர் ஆராய்ந்தார்கள். தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுவின் துணையோடு இந்திய மாதிரி ஒன்று உருவானது. அதன் சுழற்சி 36 நிமிடம்: கற்பித்தல் 6, பின்னூட்டம் 6, மறுதிட்டம் 12, மறுகற்பித்தல் 6, மறுபின்னூட்டம் 6. பயிற்சிக் கல்லூரிகளால் ஒளிநாடாக் கருவி வாங்க முடியாது என்பதால் கேமராவின் இடத்தில் சக மாணவர் உட்கார்ந்தார். கையில் உற்றுநோக்கல் படிவம். பிள்ளைகளின் இடத்திலும் சக மாணவர்களே உட்கார்ந்தார்கள். சென்னைத் தரமணியில் இருந்த தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனம் எழுபதுகளில் மூடிய சுற்றுத் தொலைக்காட்சியும் ஒளிநாடாவும் வைத்து இதைச் செய்தது. அது தொழிற்கல்லூரி ஆசிரியர்களுக்கானது. பள்ளி ஆசிரியர் பயிற்சிக்கு வந்தது கேமரா இல்லாத வடிவம்.

கேமரா இல்லாத வடிவத்தை மட்டம் என்று சொல்ல மாட்டேன். ஏழை நாட்டில் ஒரு நல்ல கருத்தை வாங்கி, விலை உயர்ந்த பகுதியைக் கழற்றி வைத்துவிட்டு, மீதியை ஓட வைத்த கெட்டிக்காரத்தனம் அதில் இருக்கிறது. ஆனால் நடைமுறையில் என்ன ஆயிற்று? எண்பதுகளில் நான் பி.எட். படித்தபோது உற்றுநோக்கல் படிவத்தில் நண்பன் நண்பனுக்குக் குறை எழுதுவதில்லை. ஏழு புள்ளி அளவுகோலில் எல்லாருக்கும் ஐந்தும் ஆறும்தான். மறுகற்பித்தல் என்பது பதிவேட்டில் மட்டும் நடக்கும். இறுதியில் செய்முறைத் தேர்வுக் குழு வரும். 'கமிஷன்' என்பது அதற்கு வழங்கும் பெயர். அன்றைக்கு மேசை மேல் அடுக்கி வைக்க நேர்த்தியான பதிவேடு இருந்தால் போதும். தன்னைத் தானே பார்க்கும் கண்ணாடியாகப் பிறந்த ஒன்று, அட்டை போட்ட நோட்டாக முடிந்தது.

பூட்டிய அலமாரியும் திறந்த அட்டையும்

1986 தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து கரும்பலகைத் திட்டம் வந்தது. ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், ஒரு தொகுதி கற்பித்தல் உபகரணம் என்பது குறிக்கோள். கல்வி நுட்பவியல் திட்டத்தின்கீழ் வானொலியுடன் கூடிய ஒலிநாடாப் பெட்டிகளும் தொலைக்காட்சிகளும் பள்ளிகளுக்கு வழங்கப்பட்டன. இரண்டு ஆசிரியர் பள்ளி என்பதே மலையில் பெரிய முன்னேற்றம். உபகரணங்களின் கதி வேறு. இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருள் உடைந்தால் தலைமையாசிரியர் பதில் சொல்ல வேண்டும். அலமாரியில் பூட்டி வைத்தால் யாரும் கேட்க மாட்டார்கள். தணிக்கைக்கு அஞ்சிய அந்தப் பூட்டு, தொழில்நுட்பத்தைப் பற்றி எழுதுவோர் அவ்வளவாகக் கவனிக்காத ஒரு காரணம்.

இதே காலத்தில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் உருவாயின. அவற்றின் ஏழு பிரிவுகளில் கல்வி நுட்பவியலும் ஒன்று. பட்டயப் படிப்பு மாணவ ஆசிரியர் தொலைக்காட்சி, ஒலிநாடா, பின்னர் கணினி ஆகியவற்றைத் தொட்டுப் பார்க்க மாவட்டத்துக்குள்ளேயே ஓர் இடம் கிடைத்தது இதனால்தான். பி.எட். படிக்க விரும்பியவருக்கு இந்த வசதி இல்லை. அரசு கல்வியியல் கல்லூரி வேண்டுமானால் சைதாப்பேட்டை, வேலூர், குமாரபாளையம், புதுக்கோட்டை என்று போக வேண்டும். அல்லது சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பக்கத்தில் சுயநிதிக் கல்வியியல் கல்லூரிகள் வந்தது பிற்காலத்தில்.

மின்சாரம் இல்லாத தொழில்நுட்பம் ஒன்றும் இடையே வந்தது. செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007 வாக்கில் மாநிலத் தொடக்கப் பள்ளிகள் முழுவதற்கும் விரிந்தது. பாடத்தைச் சிறு படிகளாகப் பிரித்து, படிக்கொரு அட்டை, அட்டைக்கொரு சின்னம், எல்லாவற்றையும் இணைக்கும் ஏணி. பிள்ளை தானே அட்டையை எடுத்து, தன் வேகத்தில் ஏற வேண்டும். பல வகுப்புகளை ஓர் ஆசிரியர் ஒரே அறையில் கவனிக்கும் மலைப் பள்ளிக்கு இது மிகவும் பொருந்தியது. கூலி வேலைக்குப் போய்த் திரும்பிய குடும்பத்துப் பிள்ளை விட்ட படியிலிருந்தே தொடரலாம். இதைக் குறை சொன்னவர்கள் உண்டு. அட்டை கிழிந்தது, ஆசிரியர் பேச்சு குறைந்தது என்றார்கள். என்றாலும் பயிற்சியில் கற்ற பொருளும் வகுப்பில் இருந்த பொருளும் மீண்டும் ஒன்றானது கரும்பலகைக்குப் பிறகு இதில்தான்.

கணினியும் தமிழ்த் தட்டச்சும்

மைய அரசின் கணினி எழுத்தறிவுத் திட்டம் 1984–85இல் பி.பி.சி. மைக்ரோ கணினிகளோடு தேர்ந்தெடுத்த சில பள்ளிகளில் தொடங்கியது. தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்புகளில் கணினி அறிவியல் பாடமானபோது, கணினி என்பது கணினி ஆசிரியரின் சொத்து என்ற எண்ணம் வேரூன்றியது. வரலாறோ தமிழோ நடத்தும் ஆசிரியர் கணினி அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கி நுழைவார்.

கேரளம் வேறு வழியில் போனது. 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் பணியில் இருந்த பாட ஆசிரியர்களையே தேர்ந்து பயிற்றுநர்களாக்கி, அவர்களைக் கொண்டே மற்ற ஆசிரியர்களைப் பயிற்றியது. கட்டற்ற மென்பொருளைக் கையாண்டதால் உரிமக் கட்டணத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. பழுதானால் பள்ளி ஆசிரியரே சரிசெய்யும் நிலை வந்தது. நம்மிடம் பணம் குறைவு என்று சொல்ல முடியாது. எந்த இடத்தில் தொடங்குவது என்பதில்தான் வேறுபாடு.

தமிழ் ஆசிரியருக்கு இன்னொரு தடை எழுத்துரு. பாமினி ஒன்று, வானவில் ஒன்று, தாம் ஒன்று, தாப் ஒன்று. ஒரு கணினியில் அடித்த வினாத்தாள் மற்றொன்றில் திறந்தால் பூச்சி பூச்சியாகத் தெரியும். சென்னையில் 1999இல் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை அரசின் தரமானது. 2010இல் ஒருங்குறி அரசுத் தரமாக ஏற்கப்பட்டது. உயிரெழுத்துகளை இடக்கையிலும் மெய்யெழுத்துகளை வலக்கையிலும் வைத்த தமிழ்99 பழக ஒரு வாரம் போதும். ஆனால் பெரும்பாலான மாணவ ஆசிரியர்கள் ஆங்கில எழுத்தில் 'அம்மா' என்று அடித்துத் தமிழாக்கும் வழியில்தான் இன்றும் இருக்கிறார்கள். கல்வி நுட்பவியல் தாளில் கணினித் தலைமுறைகள் ஐந்தையும் எழுதத் தெரிந்தவருக்குத் தாய்மொழியில் ஒரு பக்கம் அடிக்கத் தெரியாதது விந்தை. கல்லூரி இதற்கு முதல் மாதத்திலேயே ஐந்து நாள் ஒதுக்கினால் மீதித் தாளெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

2015: இரண்டு கோடுகள் சந்தித்த ஆண்டு

2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்குக் கணினி கிடைத்தது. வகுப்பில் உட்கார்ந்தவரிடம் கருவி இருக்கும், எதிரே நின்றவரிடம் இருக்காது. அந்த நிலை தமிழ்நாட்டுப் பள்ளி வரலாற்றில் புதிது.

அந்த மாணவர்களைப் பின்தொடர்ந்து பார்க்கலாம். 2011–12இல் மேல்நிலை இரண்டாம் ஆண்டில் இருந்தவர் மூன்றாண்டுப் பட்டம் முடித்தது 2015இல். அதே 2015–16இல்தான் தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள்படி பி.எட். இரண்டாண்டுப் படிப்பாயிற்று. 2008இல் உருவான தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின்கீழ் உள்ள கல்லூரிகளும் புதிய பாடத்திட்டத்துக்கு மாறின. தகவல் தொடர்புத் தொழில்நுட்பத்தை ஆய்ந்து புரிந்துகொள்ளுதல் என்பது தனிச் செய்முறைப் பாடமானது. பள்ளியில் உட்கார்ந்து பழகும் காலமும் 20 வாரமாக உயர்ந்தது. ஓராண்டு பி.எட். காலத்தில் கற்பித்தல் பயிற்சி 40 வேலை நாள் அளவில்தான் இருந்தது. சொந்தமாக மடிக்கணினி வைத்திருந்த முதல் தலைமுறை, தொழில்நுட்பத்துக்குத் தனிப் பாடமும் நீண்ட பள்ளிப் பயிற்சியும் கொண்ட முதல் பி.எட். வகுப்பில் வந்து உட்கார்ந்தது. யாரும் திட்டமிட்டு அமைத்ததல்ல. இப்படி ஒரு பொருத்தம் தானாக அமைவது அபூர்வம்.

அது முழுதாகப் பயன்பட்டதா? அரைகுறையாக. பவர்பாயிண்ட் தயாரிக்கச் சொன்னார்கள். தயாரித்ததைத் தாளில் அச்சிட்டுப் பதிவேட்டில் ஒட்டச் சொன்னார்கள். கமிஷனுக்குக் காட்ட வேண்டுமே! திரையில் ஓட வேண்டியது தாளில் உறைந்தது. புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006இல் சொன்ன கருத்து பாடத்திட்டத்தில் வந்தது. பாடப்பொருள் அறிவு, கற்பிக்கும் முறை அறிவு, கருவி அறிவு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பின்னிய இடத்தில்தான் ஆசிரியரின் தொழில்நுட்பத் திறன் இருக்கிறது என்பது அந்தக் கருத்து. அதையும் மூன்று வட்டம் வரைந்து பாகங்களைக் குறிக்கும் கேள்வியாக்கிவிட்டார்கள்.

விரைவுக்குறியும் சிக்னலும்

2018–19இல் தமிழ்நாட்டின் புதிய பாடநூல்கள் வந்தன. முதல் ஆண்டில் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகள். பக்கத்துக்குப் பக்கம் விரைவுத் துலங்கல் குறி. கைப்பேசியால் அதைப் படித்தால் தீக்‌ஷா தளத்தில் காணொலியோ விளையாட்டோ திறக்கும். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. நவம்பரில் கள்ளக்குறிச்சி மாவட்டம் பிறந்தது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. புதிய மாவட்டத்தின் கல்வித் துறை நாற்காலி போட்டு உட்காருவதற்குள் கொரோனா வந்துவிட்டது.

மூடிய அந்த மாதங்கள் மலையில் என்ன பொருள்பட்டன என்பதை விளக்கத் தேவையில்லை. சிக்னல் எட்டாத குடியிருப்பு, கேபிள் இணைப்பு இல்லாத வீடு, வீட்டுக்கு ஒரு கைப்பேசி இருந்தால் அது கூலிக்குப் போன தகப்பனோடு வெளியூரில். உறைவிடப் பள்ளியை மூடினால் படிப்பு மட்டும் போகவில்லை. விடுதிச் சோறும் போனது. 2021 அக்டோபர் 27 அன்று அண்டை மாவட்டமான விழுப்புரத்தின் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது, மாலையில் தெருவிலேயே பாடம் சொல்லத் தன்னார்வலர்கள் அழைக்கப்பட்டார்கள். பி.எட். முடித்து வேலைக்குக் காத்திருந்த பெண்கள் பலருக்கு முதல் வகுப்பறை அந்தத் திண்ணைதான்.

இந்தச் சூழலில் மலைப் பள்ளிக்குப் பயிற்சிக்குப் போகும் மாணவ ஆசிரியர் கற்க வேண்டியது பாடநூலில் இல்லை. ஆனால் கற்றுக்கொள்ள முடியாததும் அல்ல. தீக்‌ஷா செயலியில் உள்ளவற்றை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். ஆகவே பாடக்குறிப்பு எழுதும் இரவே, கள்ளக்குறிச்சியிலோ கச்சிராயப்பாளையத்திலோ சிக்னல் உள்ள இடத்தில், மறுவார விரைவுக்குறிகளை எல்லாம் படித்து இறக்கிவிட வேண்டும். ஒரு கைப்பேசித் திரையை முப்பது பிள்ளைகளுக்குத் தூக்கிக் காட்டினால் முன்வரிசை மட்டும் பார்க்கும். பின்வரிசை சண்டை போடும். ஆறு ஆறு பேராகப் பிரித்து, ஒரு குழு பார்க்கும்போது மற்றவை எழுதவோ அட்டையோடு வேலை செய்யவோ அமைத்தால் அதே கைப்பேசி போதும். செயல்வழிக் கற்றலில் பழகிய பள்ளிக்கு இது புதிதும் அல்ல. ஒலிதான் சிக்கல். கைப்பேசியின் ஒலி மழை விழும் ஓட்டுக் கூரையின்கீழ் கேட்காது. கையடக்க ஒலிபெருக்கி ஒன்றைப் பையில் வைத்துக்கொள்வது நல்லது. காணொலி எத்தனை நிமிடம் என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடினால் நடுவில் எங்கே நிறுத்திக் கேள்வி கேட்பது என்பதைப் பாடக்குறிப்பில் குறித்துவிட வேண்டும். பழைய வானொலிப் பாடத்தின் மூன்று கட்டங்கள் இங்கே உயிர்பெறுகின்றன. அன்று தேர்வுக்கு மட்டும் பயன்பட்டவை அவை.

பின்னர் திறன் வகுப்பறைகளும் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களும் பெருகின. 2023இல் மணற்கேணி செயலி வந்தது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினி வழங்கப்பட்டது. மாணவ ஆசிரியர் இந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. பள்ளிக் கருவிகள் பள்ளிக்கல்வித் துறையின் கணக்கில், கல்வியியல் கல்லூரிகள் உயர்கல்வித் துறையின் கணக்கில். பயிற்சிக்கு வருபவர் திறன்பலகையைத் தொட வழிகாட்டி ஆசிரியரின் நல்ல மனம் வேண்டும். பழைய அலமாரிப் பூட்டின் புது வடிவம் கடவுச்சொல்.

ஒரு கருவி மட்டும் இன்று யார் அனுமதியும் இல்லாமல் கிடைக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் ஒளிநாடா செய்த வேலையை மாணவ ஆசிரியரின் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியே செய்யும். சக மாணவர்களுக்கு நடத்தும் நுண்ணிலைக் கற்பித்தலின்போது அதை ஜன்னலோரம் சாய்த்து வைத்துப் பதிவு செய்யலாம். பள்ளிப் பிள்ளைகள் என்றால் தலைமையாசிரியர் அனுமதி பெற்று, பிள்ளைகள் முகம் விழாமல் கரும்பலகைப் பக்கம் திருப்பி வைக்க வேண்டும். யாருக்கும் அனுப்பாமல் பார்த்துவிட்டு அழித்துவிட வேண்டும். ஆறு நிமிடக் கற்பித்தல், அதைப் பார்க்க ஆறு நிமிடம், திருத்தப் பன்னிரண்டு நிமிடம் என்ற இந்திய மாதிரியின் கணக்கு அப்படியே பொருந்துகிறது. ஐம்பதாண்டுக்கு முன் கழற்றி வைத்த பகுதியைத் திரும்பப் பூட்ட இன்று செலவே இல்லை. பாடத்திட்டக் குழுவில் யாராவது ஒரு வரி சேர்த்தால் போதும்.

அதற்கு நேரம் இருக்குமா என்பது இப்போதைய கேள்வி. 2020 தேசியக் கல்விக் கொள்கை நான்காண்டு ஒருங்கிணைந்த ஆசிரியர் படிப்பை முதன்மை வழியாக்கச் சொல்கிறது. தேசிய ஆசிரியர் கல்விக் குழு 2025 பிப்ரவரியில் வெளியிட்ட வரைவு விதிமுறைகள், நான்காண்டுப் பட்டமோ முதுகலையோ முடித்தவர்களுக்கு ஓராண்டு பி.எட். படிப்பைத் திரும்பக் கொண்டுவர முன்மொழிகின்றன. நான்காண்டுப் படிப்பில் பள்ளிப் பயிற்சிக்கு இடம் தாராளம். ஓராண்டுப் படிப்பில் 20 வாரம் ஒதுக்கினால் கல்லூரிப் பாடத்துக்கு எஞ்சுவது கொஞ்சம். பழைய 40 நாளுக்குத் திரும்பினால், கல்லூரிக்கு அருகே பேருந்து நிற்கும் ஊரில் உள்ள பள்ளிகளோடு பயிற்சி முடிந்துவிடும். வெள்ளிமலைப் பேருந்தில் ஏற ஆள் இருக்காது.